எரியும் விளக்கும் எறியும் விளக்கும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள். பொழுது புலர்வதற்கு முன்பே கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. விடிந்தபோது சோழ மண்டலம் சோக மண்டலமாகக் கிடந்தது. தென்னைகள் தலை சாய்ந்தன. கூரைகள் பறந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் முறிந்து வீழ்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் ஓடி வந்தார்கள். இடுப்பளவு நீரிலும் சேற்றிலும் இறங்கிக் கம்பம் நட்டார்கள். அவர்கள் உழைப்பை டெல்டா மக்கள் என்றும் மறக்கமாட்டார்கள். ஆயினும், முறிந்தது ஒரு கம்பமா, இரு கம்பமா? பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் இருள் நீடித்தது.

அந்த இருண்ட நாட்களில் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கூலித் தொழிலாளர் தெருவுக்கு நாம் சென்றிருந்தோம். ஒரு மூதாட்டியின் வீட்டுத் தூணில் சூரிய ஒளி விளக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எவரோ நல்ல மனத்தோடு கொடுத்துச் சென்ற விளக்கு. ஆனால் எரியவில்லை. ஏன் என்று கேட்டோம்.

“ரெண்டு வருசம் நல்லாத்தான்யா எரிஞ்சுது. அப்புறம் நின்னு போச்சு. டவுனுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். இதைத் தொறக்கவே முடியாதும்மா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கன்னுட்டாங்க.”

சொல்லிக்கொண்டே அந்த அம்மையார் வேறொரு விளக்கை ஏற்றினார். காலி மருந்துப் புட்டி, மூடியில் ஆணியால் ஒரு துளை, பழந்துணியில் திரித்த திரி, கொஞ்சம் மண்ணெண்ணெய். புகைந்தது, நாறியது, கண்ணைக் கரித்தது. ஆனாலும் எரிந்தது! அறிவியல் தந்த விளக்கு தூணில் தொங்கிற்று. அம்மையார் தாமே செய்த விளக்கு தரையில் எரிந்தது. எரியும் விளக்கு ஒன்று, எறியும் விளக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது நம் நாட்டின் ஏழ்மை.

குற்றம் அறிவியலுடையதா? அல்லவே அல்ல. நீல ஒளி உமிழும் டையோடைக் கண்டறிந்த, ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவருக்கு 2014இல் நோபல் பரிசு கொடுத்து உலகம் தலை வணங்கியது. பழைய குண்டு பல்பு 60 வாட் குடித்துத் தந்த வெளிச்சத்தை, எல்.இ.டி. விளக்கு ஏறக்குறைய 9 வாட்டில் தந்துவிடுகிறது. உள்ளங்கையகலத் தகடும் ஒரு சிறு மின்கலமும் இருந்தால், கம்பியும் கம்பமும் இன்றியே குடிசையில் ஒளி ஏற்றலாம். அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. அதைக் குடிசைக்கு ஏற்ற பொருளாக ஆக்கித் தர வேண்டியவர்கள்தாம் கடமையில் தவறியிருக்கிறார்கள்.

யாருக்கான வடிவம்?

பொருள் வடிவமைப்பு என்றொரு படிப்பு இருக்கிறது. நாற்காலி எப்படி இருந்தால் முதுகு வலிக்காது, குடத்தின் கழுத்து எப்படி இருந்தால் இடுப்பில் நிற்கும், விளக்கை எங்கே வைத்தால் கண் கூசாது என்று ஆராய்ந்து பொருளை உருவாக்கும் கல்வி அது. இப்படிப்பைப் பயிலும் பிள்ளைகள் இன்று ஆர்வத்தோடு எடுத்துக்கொள்ளும் பொருள், இயற்கையைக் கெடுக்காத வாழ்வும் அதற்கேற்ற விளக்கும். வைக்கோலால் விளக்கு மூடி செய்கிறார்கள். தேங்காய் நாரில் தொங்கு விளக்கு பின்னுகிறார்கள். உமியை அழுத்திப் பலகை ஆக்குகிறார்கள். இளைஞர்களின் எண்ணத்தில் பூமியைப் பற்றிய கவலை பிறந்திருக்கிறது. அதைக் கண்டு மகிழ்கிறோம். ஏளனம் செய்வோர் கூட்டத்தில் நாம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்த விளக்குகள் எங்கே போகின்றன? ஆண்டு இறுதியில் கண்காட்சி. வெள்ளைச் சுவர், பளிங்குத் தரை, பாராட்டு, கைதட்டல், புகைப்படம். அதன் பிறகு? பெரும்பாலானவை அலமாரிக்கு, எஞ்சியவை நகரத்துச் செல்வர் வீட்டுக் கூடத்துக்கு. வைக்கோல் தஞ்சையில் விளைகிறது. அந்த வைக்கோலில் செய்த விளக்கு தஞ்சைக் குடிசையை எட்டிப் பார்ப்பதில்லை. என்னே விந்தை!

இந்தக் கல்வி இந்நாட்டில் தொடங்கியபோது எண்ணம் இப்படி இருக்கவில்லை. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியரை இந்திய அரசு அழைத்தது. ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து, 1958இல் அவர்கள் ஓர் அறிக்கை தந்தார்கள். இந்நாட்டில் தாங்கள் கண்ட பொருள்களில் மிகச் சிறந்தது என்று அவர்கள் எதைக் குறிப்பிட்டார்கள் தெரியுமா? மன்னர் மணிமுடியை அல்ல, மாளிகைத் தூணை அல்ல. நம் வீட்டுச் செம்பை! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், கையில் எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி ஊற்ற வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும், என்ன விலை ஆகும் என்றெல்லாம் தலைமுறை தலைமுறையாக மக்கள் கேட்டுக் கேட்டுச் செதுக்கிய வடிவம் அது என்று வியந்தார்கள். அந்த அறிக்கையை அடியொற்றித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. ஏழை வீட்டுச் செம்பிலிருந்து தொடங்கிய கல்வி, அந்த ஏழை வீட்டை விட்டு எட்டிப் போகலாமா?

தெருவில் பிறந்த கேள்வி

எட்டிப் போக வேண்டியதில்லை என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், பன்னிரண்டு வயதில், சலவைத் துணிக்குப் பெட்டி போடும் தொழிலாளியின் தள்ளுவண்டியைப் பார்த்தார். பெட்டிக்குக் கரி, கரிக்கு மரம், கரியின் புகையோ தொழிலாளியின் நெஞ்சுக்கு. இதற்கு வழியில்லையா என்று எண்ணினார். வண்டியின் கூரை மேல் சூரியத் தகடு பொருத்தி, மின்கலத்தில் சேமித்து, அதில் பெட்டி போடும் வண்டியை வடிவமைத்தார். 2019இல் அப்துல் கலாம் பெயரிலான விருது. 2020இல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் காலநிலைப் பரிசு. 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் உரை. வெற்று வாக்குறுதிகளைக் கேட்டு எங்கள் தலைமுறை சலித்துவிட்டது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார்.

விருதுகளின் நீளத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண் எங்கே தொடங்கினார் என்பதற்காகச் சொல்கிறோம். அவர் தொடங்கியது நூலகத்தில் அல்ல, தெருவில். “எனக்கு என்ன செய்யத் தெரியும்?” என்று கேட்கவில்லை, “இந்த மனிதருக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியே வடிவமைப்பின் அரிச்சுவடி.

அதே கேள்வியைத் தஞ்சைத் தரணியில் கேட்டுப் பாருங்கள். விடை வரப்பில் கிடக்கிறது!

நாற்றங்காலில் நாற்றுப் பறிக்கும் பெண்கள் கருக்கலிலேயே வயலில் இறங்குகிறார்கள். இரண்டு கையும் வேலையில். விளக்கை எந்தக் கையில் பிடிப்பது? தண்ணீர் பாய்ச்சப் போகும் விவசாயி நள்ளிரவில் வரப்பு மேல் நடக்கிறார். ஒரு தோளில் மண்வெட்டி, காலடியில் இருட்டு, இருட்டில் பாம்பு. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். பாதிப் பேர் மழைக்காலத்தில் செத்தவர்கள். கட்டுவிரியன் தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை இரவில் கடிக்கும் பாம்பு. அந்தத் தரையில் படுப்பவர் யார்? கட்டில் இல்லாதவர்!

எனவே, விளக்கு என்பது அழகுப் பொருள் அல்ல; ஏழைக்கு அது உயிர்ப் பொருள். நெற்றியிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளக் கூடியது, காலடியைக் காட்டக் கூடியது, சேற்றில் விழுந்தாலும் கெடாதது, வெற்றிலை எச்சிலும் வியர்வையும் பட்டாலும் வீணாகாதது, ஒரு நாள் கூலிக்குள் வாங்கக் கூடியது. அப்படி ஒரு விளக்கைச் செய்து தரும் மாணவனுக்கு எந்தப் பட்டமும் தகும்.

கொள்முதல் நிலையங்களைப் பாருங்கள். அறுத்த நெல்லைக் கொட்டி வைத்து, ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் என்று சொல்லக் கேட்டு, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்து, இரவெல்லாம் நெற்குவியலின் ஓரத்தில் விழித்துக் கிடக்கிறான் உழவன். அவனுக்கு அங்கே என்ன வேண்டும்? காய்ச்சலும் காற்றோட்டமும் தரும் ஓர் எளிய உலர்த்தி, ஒரு விளக்கு, தலைக்கு மேல் ஒரு மறைப்பு. தமிழ்நாட்டு வடிவமைப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சம்பா அறுவடைக் காலத்தில் பத்து இரவுகள் அந்தக் குவியலின் பக்கத்தில் தங்கட்டும் என்கிறோம். பத்து ஆண்டுக்கு வேண்டிய ஆய்வுப் பொருள் கிடைக்கும்!

நாச்சியார்கோவில் சொல்லும் பாடம்

சரி, எப்படிச் செய்வது? அதற்கும் அயல்நாட்டு நூலைத் தேட வேண்டியதில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவில் இருக்கிறது. அங்கே வார்க்கும் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பக்தியோடு பார்ப்போர் அதைப் பக்தியோடு பார்க்கட்டும். நாம் இங்கே அதை ஒரு பொருளாகப் பார்க்கிறோம்.

காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி, கடைசல் பிடித்து, அரத்தால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அடிப்பாகம் தனி, தண்டு தனி, எண்ணெய்த் தட்டு தனி, உச்சியில் அன்னம் தனி. எல்லாம் திருகு மரையால் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கழற்றலாம், கழுவலாம், துலக்கலாம், மீண்டும் பூட்டலாம். தட்டு நசுங்கினால் தட்டை மட்டும் மாற்றலாம். தண்டு வளைந்தால் தண்டை மட்டும் சரி செய்யலாம். முழுவதும் உடைந்தாலும் குப்பைக்குப் போகாது. எடை போட்டு விற்கலாம், உருக்கி மீண்டும் விளக்காக்கலாம். பாட்டி ஏற்றிய விளக்கைப் பேத்தி ஏற்றுகிறாள்.

நிலைத்த வாழ்வு, மறுசுழற்சி, நீடித்த பயன்பாடு என்று இன்று மேடைதோறும் முழங்குகிறார்களே, அவை அத்தனையும் அந்த நாலு திருகு மரைக்குள் அடங்கியிருக்கின்றன!

அந்த மூதாட்டியின் தூணில் தொங்கிய விளக்கை நினைத்துப் பாருங்கள். பசை போட்டு ஒட்டிய பெட்டி. திருகாணி இல்லை. உள்ளே மின்கலம் செத்தால் மொத்த விளக்கும் செத்தது. ஒளி உமிழும் பகுதி பல்லாயிரம் மணி நேரம் உழைக்கக் கூடியது. முதலில் ஓய்வது மின்கலமும் மின்சுற்றும்தாம். நல்ல உயிர் உள்ளே இருக்க, ஓர் உறுப்புக் கெட்டதற்காக உடலையே புதைப்பதா? புதைப்பதும் எங்கே? வாய்க்கால் ஓரத்தில், வயல் வரப்பில். அந்த மின்கலத்தின் நஞ்சு இறங்குவது நாம் உண்ணும் நெல் விளையும் மண்ணில்.

“பசுமை விளக்கு” என்று பெயர் சூட்டி, பழுது பார்க்க முடியாத பெட்டியை ஏழை தலையில் கட்டுவது பசுமை அல்ல. அது குப்பையை வெளிச்சம் போட்டு விற்கும் வாணிபம்.

செய்து காட்டியவர்கள் உண்டு

“ஏழைகளுக்கு மின் வேலை புரியாது, பிரிக்கக் கூடிய விளக்கைக் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள்” என்று கூறும் மேதைகள் உண்டு. ராஜஸ்தானில் திலோனியா என்னும் சிற்றூர். பங்கர் ராய் 1972இல் அங்கே தொடங்கிய வெறுங்கால் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களுக்கு, பேரன் பேத்தி எடுத்த பாட்டிமாருக்கு, நிறங்களையும் சைகைகளையும் கொண்டே சூரிய மின் வேலை கற்றுக் கொடுத்தது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து கற்று, தம் ஊருக்கு ஒளி கொண்டு போனார்கள்.

மும்பை ஐ.ஐ.டி. 2014இல் கிராமப்புற மாணவர்களுக்குப் பத்து லட்சம் சூரிய விளக்குகள் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. விளக்கின் உறுப்புகளை அந்தந்த வட்டாரத்துக்கே அனுப்பி, உள்ளூர் மக்களே பூட்டி, உள்ளூர் மக்களே விற்று, பழுதானால் உள்ளூரிலேயே சரி பார்க்க ஏற்பாடு செய்ததில் இருக்கிறது. விளக்கோடு தொழிலும் போயிற்று. தொழிலோடு தன்மானமும் போயிற்று. தானம் வாங்கிய கை, திருப்புளி பிடித்த கையாயிற்று.

நம் தமிழ்நாட்டிலும் நல்ல முயற்சி நடவாமல் இல்லை. 2011இல் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி வீடு, அதில் சூரிய ஒளியால் எரியும் ஐந்து விளக்குகள். ஏழை வீட்டின் கூரையில் சூரியத் தகடு ஏறிய அந்தக் காட்சியை வரவேற்க வேண்டும். ஆனால் வீடு கட்டக் கொத்தனார் ஊருக்கு ஊர் கிடைக்கிறார். மின்கலம் மாற்ற ஆள் எந்த ஊரில் கிடைக்கிறார்? ஒன்றியத்துக்கு ஒருவராவது உண்டா? விளக்கைத் திறந்து வைக்க விழா எடுக்கிறோம். விளக்கைத் திறந்து பார்க்க ஆள் வைக்கிறோமா?

விதையைச் சோதிப்பது போல விளக்கையும் சோதிப்போம்

டெல்டாவுக்கு இது புதிய முறை அன்று. ஆடுதுறையில் 1922இலேயே நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43 என்று குறுவைக்கு உழவர் விதைத்த ரகங்கள் அங்கே பிறந்தவை. ஒரு விதையைக் கண்டுபிடித்த மறுநாளே அவர்கள் விழா எடுத்தார்களா? இல்லை. நிலையத்தில் விதைத்தார்கள், உழவன் வயலிலும் விதைத்தார்கள், வெள்ளத்தில் நிற்கிறதா, வறட்சியில் வாடுகிறதா, பூச்சி தாக்குகிறதா, சோறு சுவைக்கிறதா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். தேறிய பிறகே பெயர் சூட்டினார்கள். விதைக்கு உள்ள மரியாதை விளக்குக்கு ஏன் இல்லை? மாணவன் செய்த விளக்கு ஒரு கார்காலம், ஒரு சம்பா, ஒரு கோடை, ஒரு புயல் தாண்டட்டும். அதன் பிறகு மதிப்பெண் போடுங்கள்!

இந்த மண் பிறருக்கு ஒளி கொடுத்த மண் என்பதை நாட்டார் மறந்துவிடக் கூடாது. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் சக்கரம் சுற்றி மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் காவிரி தஞ்சைக்கு வந்து சேர்கிறாள். குத்தாலத்திலும், மன்னார்குடிக்கு அருகே கோவில்களப்பாலிலும் எரிவாயு மின் நிலையங்கள் நிறுவப்பட்டது இந்த வயல்களின் அடியிலிருந்து எடுக்கும் வாயுவை நம்பித்தான். மேலே நெல், கீழே நெருப்பு. இரண்டையும் கொடுத்த மண்ணின் மக்கள் புயல் நாளில் மருந்துப் புட்டியில் திரி போடுவதா?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று.

முதலாவது: அரசுப் பணத்தில் வாங்கிக் கொடுக்கும் எந்த விளக்கும் திருகாணியால் திறக்கக் கூடியதாக, மின்கலம் தனியே மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளியிலேயே இந்த நிபந்தனை இடம்பெற வேண்டும். பசை போட்டு ஒட்டிய பெட்டிக்குப் பைசா கிடையாது என்று அரசினர் ஒரு முறை உறுதியாகச் சொன்னால் போதும். தொழிற்சாலைகள் தாமே திருந்தும்.

இரண்டாவது: ஒன்றியத்துக்கு ஒரு விளக்குப் பணிமனை. அதில் உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்றுப் பணியாற்ற வேண்டும். செத்த மின்கலங்களைத் திரும்ப வாங்கும் பொறுப்பும் அதற்கே. அடுத்த புயலுக்கு முன்னால் ஊர்தோறும் பள்ளியிலும் புயல் காப்பகத்திலும் எரியும் விளக்கு இருக்கிறதா என்று சோதிக்கும் கடமையும் அதற்கே.

மூன்றாவது: டெல்டாவில் ஒரு வடிவமைப்புக் கல்விக் கூடம். அகமதாபாத்தில் தொடங்கிய கல்வி ஆந்திரத்துக்கும் அசாமுக்கும் சென்றிருக்கிறது. தஞ்சைக்கு வந்தால் தகாதா? ஆடுதுறையில் நெல் அறிவு இருக்கிறது. தஞ்சையில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நாச்சியார்கோவிலில் வார்ப்பு அறிவு இருக்கிறது; கோரைப் பாய் நெய்யும் கை இருக்கிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியிலிருந்து வாயு எடுத்துப் பீகாரில் கிராமங்களுக்கு விளக்கேற்றியிருக்கிறார்கள். நம் ஆலைகளில் அது மலையாகக் குவிகிறது. மாணவரை இவற்றின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். வார்ப்புத் தொழிலாளியும் நடவுப் பெண்ணும் ஆசிரியர்களாக இருக்கட்டும். அவர்களுக்கும் ஊதியம் உண்டு, கையெழுத்திட வருகைப் பதிவேடு உண்டு என்றாகட்டும்.

இதற்குப் பணம் எங்கே என்பார்கள். ஆண்டுதோறும் எறியும் விளக்குகளுக்குச் செலவாகும் பணம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்தே வரட்டும்!

வடிவமைப்பு பயிலும் இளைஞர்களே, உங்கள் திறமையில் எமக்கு ஐயம் இல்லை. உங்கள் கண்காட்சிக்குக் கைதட்ட நகரத்தில் ஆயிரம் பேர் உண்டு. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு மூதாட்டி, தூணில் தொங்கும் விளக்கைத் தூக்கிப் போட மனமின்றி இன்னும் வைத்திருப்பார். என்றேனும் ஒரு நாள் யாராவது வந்து திறந்து பார்ப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. ஒரு திருப்புளியோடு அந்த வீட்டுக்குப் போங்கள். உங்கள் பாடம் அங்கே தொடங்குகிறது.